குதிரான் இறக்கத்தில் ஒரு வீடு

அன்றைக்கு அந்த வண்டிக்குள் இருந்தது நான்கு பேர். ஸ்டியரிங் பிடித்தவன் நான், ஜெபராஜ். எனக்கு வலதுபக்கம், நம் ஊர் வண்டிகளில் டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில், எங்கள் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் சுமதி. பின்னால் சாப்பாட்டு மேசையருகே, இடது கையில் மாவுக்கட்டோடு வெர்னர். அவருக்கு எதிரே அவர் மனைவி ஹெல்கா. வேறு யாரும் இல்லை. ஆனால் பாத்திரங்கள் இருந்தன. என் முதுகுக்குப் பின்னால் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன. இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். பின்னால் துணி ரோல் உருளும், நூல் பெட்டி சரியும், இரண்டும் எனக்குப் பழக்கம். ஒரு வீட்டுச் சமையலறை முதுகில் கிலுகிலுக்க ஓட்டியது அதுதான் முதல் தடவை. பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் யாரோ என் பின்னால் பாத்திரம் கழுவுவதைப் பாதியில் நிறுத்துவது போல இருக்கும்.

வெளிநாடு போனவர்கள்தான் ஊர் விட்டுப் போன கதையை எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவனும் ஊர் விட்டு வந்தவன்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பத்தொன்பது வயதில் இங்கே வந்து டெம்போவில் லோடு ஏற்றுகிறவனாகச் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி என்னைப் பார்த்து, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றார். எனக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கள் ஊரில் பெற்ற அப்பனே 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார், அதில் பாசம் இருக்கும். இங்கே திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுவார்கள். அது பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. வேலை பழக ஒரு வாரம்தான். எங்கள் ஊரில் மழைக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே காலையில் எழுந்தால் வேலை எனக்காகக் காத்திருந்தது. அந்த ஒரு காரணத்துக்காக இந்த ஊரின் சாயத் தண்ணீர், தூசி, லைன் வீட்டு வாடகை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். தெக்கத்திக்காரர்கள் முக்கால்வாசிப் பேரின் கதையும் இதுதான் என்பதால் இதற்குமேல் விரிக்கவில்லை.

ஹெல்கா ஜெர்மனியில் சின்னதாகக் குழந்தைகள் துணிக்கடை வைத்திருந்தவர். எங்கள் கம்பெனியிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை சரக்கு எடுப்பார். பெரிய பையர் இல்லை, ஆனால் ஒரு பீஸ்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. கடையை மூடிய பிறகு, கடையையும் வீட்டையும் விற்ற பணத்தில் ஒரு வீட்டு வண்டி வாங்கி, கணவனும் மனைவியுமாக நாடு நாடாக ஓட்டிக்கொண்டு, தான் விற்ற துணி தைக்கப்பட்ட இடத்தைப் பார்க்க வந்துவிட்டார். வண்டியை கம்பெனி காம்பவுண்டுக்குள் நிறுத்தினார்கள். செக்கிங் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டமாகப் போய் எட்டிப் பார்ப்பார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை. "எங்க லைன் ஊட்டுல ஆறு ஊட்டுக்கு ஒரு பாத்ரூமுங்க, இதுல ரெண்டு பேத்துக்கு ஒண்ணு!" என்று ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வண்டியின் மேல்கூரைக் கண்ணாடியைத் துடைக்க ஏணியில் ஏறிய வெர்னர் தவறி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஹெல்காவுக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது, ஓட்ட மாட்டார். வண்டியைக் கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏற்ற வேண்டும். வெளிநாட்டு வண்டி நம் நாட்டுக்குள் இருக்கக் கொடுத்த அனுமதி அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் துறைமுக கேட்டுக்குள் போகாவிட்டால் வண்டி சுங்கத்தில் முடங்கும், மீட்க வண்டி விலை அளவுக்குப் பணம் கேட்பார்கள் என்று சுமதி விளக்கினாள். அவர்களுக்கு அது வெறும் வண்டி இல்லை. வேறு வீடு கிடையாது.

"நம்ம ஜெபராஜ் ஓட்டுவாருங்க," என்று முதலாளி அவர்களிடம் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகுதான் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங், உங்கனால முடியாததாங்க? கொச்சி ரோடு உங்களுக்கு மனப்பாடமாச்சே," என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கீறல் விழுந்தால் என் எத்தனை வருடச் சம்பளம்? நடு ரோட்டில் நின்றுவிட்டால்? என் மனைவி எஸ்தர் சிரித்தாள். "ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்தாலே ஒரு வாரம் அதையே சொல்லிக்கிட்டு கெடப்பீங்க. இப்ப ஒருத்தர் வீட்டையே தூக்கிட்டுப் போவப் போறீங்க. இனி ஒரு வருசத்துக்கு வீட்டுல வேற பேச்சே கெடையாது!"

வண்டி டீசல், ஆனால் கிளட்ச் இல்லை. கியர் தடியின் பக்கத்தில் எழுத்துகள்: நிறுத்த பி, பின்னால் போக ஆர், நியூட்ரலுக்கு என், முன்னால் ஓட டி. டி-யிலிருந்து தடியைப் பக்கவாட்டில் தள்ளினால் எம். டேஷ்போர்டில் இரண்டு பட்டன்கள், ஒன்றில் இ, ஒன்றில் எஸ். எனக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் அட்டைப் பெட்டி மேல் பார்த்துப் பழக்கம்தான். பேக்கிங் செக்‌ஷன் ஆள் ஒருவன் எட்டிப் பார்த்து, "எஸ் இருக்குது, எம் இருக்குது, எல்லும் எக்ஸெல்லும் எங்கீங்ணா?" என்றான். வெர்னர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, சுமதி தமிழில் சொன்னதை ஒரு சரக்கு லேபிளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். இ என்றால் சிக்கனம். இஞ்சின் சத்தம் போடுவதற்கு முன்பே அடுத்த கியருக்குப் போய்விடும். எஸ் என்றால் இழுவை; ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தையும் கொடுக்கும். எம் என்றால் கியர் நம் கையில். முன்னால் தள்ளினால் ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும்.

இரண்டு நாள் காம்பவுண்டுக்குள் பழகினேன். டி-யில் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே, மிதிக்காமல், வண்டி தானாக நகர்ந்தது. என் இடது கால் சும்மா இருக்கத் தெரியாமல் கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. உள்ளே ஹெல்காவின் சர்க்கரை டப்பா கவிழ்ந்தது. "லங்சாம், லங்சாம்," என்றார் வெர்னர். மெதுவாக என்று அர்த்தம். அதற்குப் பிறகு இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டேன். வெறுங்கால் பெடலில் பட்டால் உடனே தெரிந்துவிடும் அல்லவா? கொச்சி வரை அப்படியே ஒற்றைச் செருப்போடுதான் ஓட்டினேன். யார் என்ன நினைத்தாலும் சரி, அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். இடதுபக்க ஸ்டியரிங் என்பதால் ஓரத்துப் பள்ளம் எனக்கு நன்றாகத் தெரியும், எதிரே வருகிற வண்டி தெரியாது. முந்துவதற்கு சுமதிதான் கண். அவள் மங்கலத்துப் பெண். அப்பா தறி ஓட்டுகிறவர். வாய் நிறைய மரியாதை.

"அண்ணா, இப்பப் போலாமுங்கண்ணா... இல்லீங்கண்ணா, ஒரு பஸ்ஸு வருதுங்கண்ணா, கொஞ்சம்..."

அதற்குள் பஸ்ஸே வந்துவிட்டது. "எம்மா, மரியாதையெல்லாம் கொச்சியில போயி மொத்தமாக் குடு. இப்போ 'போ', 'நில்லு', ரெண்டே சொல்லு போதும்."

"அதெப்படீங்கண்ணா உங்களப் போயி..."

"சொல்லுத்தா!"

அவிநாசி தாண்டுவதற்குள் அவள் 'போங்', 'நில்லுங்' என்று பழகிக்கொண்டாள். அதற்குமேல் அவளால் குறைக்க முடியவில்லை.

கோயம்புத்தூர் வரை இ-யில் ஓட்டினேன். அந்த இ எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இஞ்சின் முனகவே விடாமல், ஒரு சொட்டு வீணாக்காமல், எங்கள் முதலாளி போல நடந்துகொண்டது. வாளையாரில் லாரி வரிசை நீண்டு கிடந்தது. அங்கே இரண்டரை மணி நேரம் போனது. என் கண் டேஷ்போர்டு கடிகாரத்தை விட்டு அகலவில்லை. வடக்கஞ்சேரி தாண்டும்போது மணி ஒன்று.

பிறகு குதிரான் ஏற்றம். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவில், காட்டுக்குள் வளைந்து ஏறுகிற ரோடு. ஒரு சிமெண்ட் லாரி அச்சு முறிந்து பாதி ரோட்டில் நின்றது. மிச்சப் பாதியில் எல்லாரும் ஊர்ந்தோம். ஏற்றத்தில் நிறுத்தி, எடுத்து, நிறுத்தி, எடுத்து. எனக்கு முன்னும் பின்னும் லாரிகளில் கிளட்ச் தீயும் வாசனை. நான் எஸ் பட்டனை அழுத்தினேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல், என் ஒற்றைக் கால் மிதியிலேயே, ஒரு யானை படி ஏறுவது போல ஏறியது. பக்கத்து லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருந்ததிலேயே எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

அந்தப் பெருமையோடுதான் உச்சியைக் கடந்தேன். இறக்கம் ஆரம்பித்தது. என் கை கியர் தடியைப் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளியது.

இதைப் படிக்கிற டிரைவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் கிலோமீட்டர் கணக்குப் போட்டு டீசல் கொடுப்பார்கள். அதில் மிச்சமாவது டிரைவருக்கு. அதனால் இறக்கம் கண்ட இடத்தில் இஞ்சின் பிடிப்பு இல்லாமல் நியூட்ரலில் விட்டு உருட்டுவோம். ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வோம். அதில் நான்தான் கெட்டிக்காரன் என்று பெயர். என் இரண்டு பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் அந்த மிச்சத்தில் வந்ததுதான். குதிரான் இறக்கத்தில் அந்தக் கைக்கு இருபது வருடப் பழக்கம். டீசல் யாருடையது என்று அது கேட்கவில்லை.

இஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி சறுக்க ஆரம்பித்தது. பின்னால் தட்டுகள் ஒரே குரலில் கத்தின. முன்னால் கேஸ் சிலிண்டர் லாரி ஒன்றின் சிவப்பு விளக்கு எரிந்தது. மிதித்தேன். வேகம் குறைந்தது, ஆனால் போதவில்லை. மறுபடி மிதித்தேன். பிரேக் கருகும் வாசனை. "நில்லுங்! நில்லுங்! அய்யோ, நில்லுங்கண்ணா!" என்று சுமதி கத்தினாள். பின்னாலிருந்து வெர்னர் ஏதோ அவர் மொழியில் கூவினார். அதற்குள் புத்தி வந்து தடியை டி-க்கு இழுத்து, எம்-க்குத் தள்ளி, பின்னால் ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. இரண்டாம் கியர். இஞ்சின் உறுமியது. யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்த மாதிரி வண்டி அடங்கியது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் புகுந்து நடக்கலாம், அவ்வளவு இடம்தான் மிச்சம்.

இறக்கம் முடிந்த இடத்தில் ஓரம் கட்டச் சொன்னார் வெர்னர். ஒற்றைக் கையோடு குனிந்து அடியில் பார்த்தார். கியர் தடியை நாலைந்து தடவை அசைத்துப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "கெட்ரீபே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சுமதி சொன்னாள்: "கியர்பாக்ஸு தானா நியூட்ரலுக்கு உளுந்துருச்சுன்னு சொல்றாருங்கண்ணா. உள்ள என்னமோ ஒடஞ்சிருக்குமாம். இனி ஒரு அடி நகத்தக் கூடாதாமுங்க. திருச்சூர்ல இருந்து மெக்கானிக் வந்து பாத்தாத்தானாம்."

மணி இரண்டாகப் பத்து நிமிடம். கொச்சிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். மெக்கானிக் வந்து பார்த்தால் அன்றைக்கு கேட் கிடையாது.

ஹெல்கா வண்டிக்குள் போய், அலமாரியிலிருந்து காபிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, துண்டில் சுற்றி ஒரு பைக்குள் வைக்க ஆரம்பித்தார். வீட்டை விட்டுப் போகப் போகிறவர்கள் சாமான் கட்டுகிற மாதிரி. எங்கள் ஊரில் அம்மா எனக்குப் பை கட்டியதும் அப்படித்தான், பேசாமல்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தப்பெல்லாம் கியர்பாக்ஸ் மேல். முதலாளியும் 'நீங்க என்னங்க பண்ணுவீங்க, மெசினு' என்றுதான் சொல்வார். பயந்தவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? வெயிலில் நின்றுகொண்டு இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"சுமதி, கியர் தானா விழல. நான்தான் நியூட்ரல்ல போட்டேன்."

"எதுக்குங்கண்ணா?"

"டீசல் மிச்சத்துக்கு."

"அவுரு டீசல்தானுங்களே!"

"கை கேக்கலம்மா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரோடு குலுங்குனதுல கை தட்டி உளுந்துருச்சுன்னு சொல்லிப்போடட்டுங்களா? உங்க பேரும் கெடாது."

"வேண்டாம்மா. அப்படிச் சொன்னா அந்த மனுசன் பாதி நம்புவாரு, பாதி நம்ப மாட்டாரு. பாதி நம்பிக்கையில வண்டியில ஏற மாட்டாரு. உள்ளதச் சொல்லு."

சொன்னாள். வெர்னர் என்னைப் பார்த்தார். எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டார். கால் லிட்டர் இருக்கும் என்றேன். அவர் நம்பாமல் மறுபடி கேட்டார். விரலால் காட்டினேன். பிறகு அவர் சொன்னதை சுமதி மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"சொல்லும்மா."

"'கால் லிட்டருக்கு என்ற ஊடா'ன்னு கேக்கறாருங்கண்ணா."

கால் லிட்டர் டீசலுக்காக அவர் வீட்டையே பணயம் வைத்தேனா என்று. சாரி என்ற ஒரு வார்த்தைதான் எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். அவர் இஞ்சினைப் போடச் சொல்லி, நியூட்ரல், டி, எம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. பிரேக் ஆறுவதற்குப் பதினைந்து நிமிடம் விட்டார். பிறகு சுமதியைப் பின்னால் போகச் சொல்லி, அவரே என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். தடியை விரலால் தொட்டு, "டவுன், ஒன்லி எம்," என்றார். "கோ."

கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்கா கோப்பைகளைத் துண்டிலிருந்து பிரித்து அலமாரியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் ஓட்டியதைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். சமதளத்தில் இ, முந்த வேண்டுமானால் எஸ், பாலத்து இறக்கம் என்றால்கூட எம். அங்கமாலி வருவதற்குள் அந்த மூன்றும் என் கையில் ஏறிவிட்டன. வெர்னர் அதன்பின் தடியைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தார். ஆலுவாய் தாண்டும்போது கண்ணை மூடித் தூங்கியே விட்டார். தன் வீட்டை ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார் என்றால் அதற்குமேல் எனக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்? ஐந்துக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கும்போது கேட் முன்னால் நிறுத்தி, பி-யில் போட்டேன். ஹெல்கா இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

திருப்பூரில் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "கால் லிட்டரு வந்துட்டாருங்கோவ்!" என்று பேக்கிங் செக்‌ஷன் மொத்தமும் கூவியது. இன்றைக்கும் அதுதான் என் பெயர். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "நியூட்ரல்ல உட்டது தப்புங்க. ஆனா அத வாயத் தொறந்து சொன்னீங்க பாருங்க. நானா இருந்தாச் சொல்லியிருப்பனான்னு தெரியலீங்க," என்றார்.

இருந்தாலும் என் மனதில் நிற்பது அந்த கேட்தான். உள்ளே வண்டியை விட ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். வெர்னர் தன் தாளில் ஒரு முகவரியை எழுதினார். அது அவருடைய தங்கை வீடு என்று சுமதி சொன்னாள். வேறு எதை எழுதுவது, எங்கள் வீடு இதோ நிற்கிறதே என்றாராம். என்னிடம் இருந்த தாளைக் காட்டி கேட் கிளார்க், "பெர்மனென்ட் அட்ரஸ் வேணம் கேட்டோ," என்றார் மலையாளத்தில். நிலையான முகவரி வேண்டுமாம்.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும் விளாத்திகுளத்து வீட்டைத்தான் எழுதி வந்தேன். அப்பா போன பிறகு அது தம்பி பெயரில் இருக்கிறது. போனால் நான் விருந்தாளி, கோழி அடிப்பார்கள். திருப்பூர் லைன் வீட்டுக்கு ரேஷன் கார்டு இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் இரண்டு தடவை காலி பண்ணச் சொல்லிவிட்டார். கடைசியில் எஸ்தருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுதினேன். மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர், மனை எண் நாற்பத்தேழு, இரண்டரை சென்ட். மாதத் தவணையில் வாங்கிய இடம். நாலு மூலையில் நாலு கல், நடுவில் கருவேலஞ்செடி.

கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு, "ஹவுஸ் நம்பர் இல்லல்லோ. அவிடே வீடுண்டோ?" என்று கேட்டார்.

"வரும் சார்," என்றேன். முத்திரை குத்தினார்.

அந்த மனைக்கு அன்றைக்கு நான் கட்ட வேண்டிய பாக்கி பதினோராயிரத்து எழுநூறு ரூபாய்.